திரும்பச் சொல்லும் சங்கு

ஆறு படகுகளும் பத்திரமாகத் திரும்பிவிட்டன.

"பாருங்க மேடம், ஒரு கீறல்கூட இல்ல," என்று சோடாபுட்டி நாற்காலியோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான். "நிஜ வெள்ளம் இதைப் பார்த்தா வெட்கப்பட்டு வந்த வழியே போயிடும்."

திரையில் ஓடிய வெள்ளம் அது. ஊரைத் தெருத்தெருவாகக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதில் ஆற்றைத் திறந்துவிட்டு, நகராட்சியின் மீட்புத் திட்டம் எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் அந்த அறையின் வேலை. ஒருமுறை வெள்ளம் விட்டுப் பார்த்தால் அது ஓர் 'ஓட்டம்'. மக்கள் வெள்ளைப் புள்ளிகள், பேருந்துகள் நீலக் கட்டங்கள், படகுகள் பச்சை முக்கோணங்கள். தண்ணீர் பிடித்துக்கொண்ட புள்ளி சிவப்பாகும். அறிக்கையில் அதை உயிரிழப்பு என்று எழுதுவார்கள். அறைக்குள் "சிவந்துடுச்சு" என்பதோடு சரி. வேறு மாதிரிப் பேசினால் சாப்பாடு இறங்காது.

சோடாபுட்டி என்பது மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர். கெட்டிக்காரப் பையன். அவள் அவனுக்கு இரண்டு வருடம் மூத்தவள் என்பதால் மேடம் என்றுதான் கூப்பிடுவான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "கீழ்ப்பகுதியில கொஞ்சம் பேர் சிவக்கிறாங்க" என்று சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து, "பள்ளத்தெருவுலதான் கொஞ்சம் சிவப்பு," என்று முடித்தான்.

பள்ளத்தெருக்கள் ரயில் பாலத்தைத் தாண்டி, ஆற்றின் போக்கில் கீழே இருந்தன. பாலத்தின் தூணில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் பாலத்தைத் தாண்டிக் கீழே போன படகு திரும்பி வருவது சந்தேகம். அதனால் கோட்டைத் தொட்டதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அபாயச் சங்கு ஊதும். எந்த வேலையில் இருந்தாலும் படகுகள் திரும்பிவிட வேண்டும். மேட்டுத்தெருக்களிலும் ஆஸ்பத்திரியிலும் மாட்டிக்கொண்டவர்களை ஏற்ற வேண்டும். பள்ளத்தெரு ஆட்கள் அதற்குள் பேருந்தில் வெளியேறியிருப்பார்கள் என்பது திட்டம். வெளியேறாதவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள் என்பதும் திட்டம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சங்கு ஊதினால் படகுக்காரர்கள் திரும்புவார்களா? கம்ப்யூட்டருக்குள் கட்டிய மாதிரிக்கு அந்த ஒரு விவரம் தேவைப்பட்டது. அந்த அறையின் இயக்குநர் நேரே படகுக்காரர்கள் வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையத்துக்குப் போனார். நிலைய அதிகாரி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "சங்கு ஊதினா திரும்புறவங்க கை தூக்குங்க," என்றார். எல்லாக் கைகளும் மேலே போயின. சோடாபுட்டி 'கீழ்ப்படிதல்: நூறு சதவீதம்' என்று தட்டினான். ஆறு முக்கோணங்களும் வீட்டுக்கு வரும் மாடுகள் மாதிரி வரிசையாகத் திரும்பின.

"என்ன மேடம், சந்தோஷமா இல்லையா? நாலாம் படகு உங்க வீட்டுக்காரர் படகுதானே? ஜம்முனு வந்துட்டாரே."

"வந்துட்டாரு," என்றாள் அவள்.

அவளுக்குத் திருமணம் ஆன மறுநாளே அவளுடைய கணவன் வேலைக்குப் போய் நின்றான். அன்றிலிருந்து நிலையத்தில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் மாப்பிள்ளைதான். போன மழைக்குக் கை எலும்பு முறிந்து கட்டோடு வந்து நின்றபோது, அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. மகளின் தலையில் அவன் நல்ல கையை எடுத்து வைத்து, "இனிமே சங்கு ஊதினா திரும்பி வருவேன்னு சொல்லுங்க," என்றாள். அவன் சொன்னான். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கொடி புதிது. பழைய நைலான் கொடி ஒருமுறை மட்டும் குறுக்கே ஓடும். இது ஆரஞ்சு நிறத்தில், விரல் தடிமனில், பால்கனியின் நான்கு கொக்கிகளையும் சுற்றிச் சுற்றி வந்து, மிச்சம் மூலையில் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. மகளின் பள்ளிச் சட்டைகள் அதில் அணிவகுத்து நின்றன.

"புதுக் கொடியா?"

"ம். பழசு அறுந்துடும் போல இருந்துச்சு." அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். வேலை இல்லாத நாளில் சமையல் அவனுடையது.

அவள் கயிற்றைக் கையால் பிடித்துப் பார்த்தாள். படகுக் கயிறு. ஒரு படகுக்கு எவ்வளவு நீளக் கயிறு கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்; மாதிரியில் அந்த நீளத்தைப் போட்டவளே அவள்தான். இது அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். இரண்டு இடத்தில் இழை பிரித்துப் பின்னி இணைத்திருந்தது. அந்தப் பின்னல் அவன் கைவேலை. மகளுக்கு ஜடை போட்டாலும் அப்படித்தான் இறுக்கிப் போடுவான், குழந்தை கத்தும்.

"நம்ம மூணு பேர் துணிக்கு இவ்வளவு நீளமா?"

"பாப்பா வளர்றா இல்ல?"

"எவ்வளவு, ஆறு மாடி உயரத்துக்கா?"

அவன் சிரித்தான். வெங்காயம் கண்ணைக் கரித்தது என்று முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சங்கு ஊதினா திரும்புவீங்கதானே?"

"அதான் கை தூக்கினேனே. உங்க ஆபீசர் பார்த்தாரே."

"ஆபீசரை விடுங்க. நான் கேக்கறேன்."

"திரும்பிடுவேன்மா. உன்கிட்ட சொன்னதுதானே." கத்தி ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவனுக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். வருகிறது. அன்பாக, பதறாமல், வெங்காயம் நறுக்கிக்கொண்டே வருகிறது.

பாலத்துத் தூணில் கயிற்றைக் கட்டிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி, பிறகு அதையே பிடித்து இழுத்துக்கொண்டு ஏறி வர அவ்வளவு நீளம் வேண்டும். வேறு எதற்கும் வேண்டாம்.

மறுநாள் அவள் சோடாபுட்டியிடம் காரணம் சொல்லாமல் ஒரு ஓட்டம் கேட்டாள். "சங்கு ஊதின பிறகும் படகுங்க கீழே போறாங்கன்னு வச்சுக்கோ."

"எத்தனை படகு?"

"எல்லாம்."

ஓட்டம் முடிந்ததும் சோடாபுட்டி நாற்காலியைச் சுற்றவில்லை. ரயில் பாலத்துக்கு மூன்று வளைவுகள். முக்கோணங்கள் அகலமான நடு வளைவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. மிதந்து வந்த மரமும் கூரைத் தகடும் அங்கேதான் அடைத்துக்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. பிறகு, படகுகளுக்காகக் காத்திருந்த மேட்டுத்தெரு மாடிகளும் மெல்ல மெல்லச் சிவக்கத் தொடங்கின.

"இது வேணாம் மேடம்," என்றான் அவன். "அழிச்சிடறேன்."

"அழிக்காதே. வேற எப்படிப் போனா வருவாங்கன்னு பாரு."

அந்த வாரம் முழுவதும் பார்த்தார்கள். இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது: இரண்டாவது எச்சரிக்கைக்குக் காத்திராமல் முதல் வெள்ள எச்சரிக்கையிலேயே பள்ளத்தெருக்களைக் காலி செய்துவிட்டால், கீழே போக யாருக்கும் அவசியமே வராது. இரண்டாவது: போயே தீருவார்கள் என்றால், நடு வளைவு கூடாது. மில் பக்க வளைவு குறுகல்தான். ஆனால் ஆறு அங்கே ஒரு வளைசல் எடுப்பதால் இழுப்பு குறைவு, குப்பையும் சேராது. நீளக் கயிறு இருந்தால் அந்த வழியாகப் போன படகுகள் பெரும்பாலான ஓட்டங்களில் திரும்பி வந்தன.

திரும்பி வராத ஓட்டங்களும் இருந்தன. அவற்றையும் அவள் பார்த்தாள். நாலாம் முக்கோணத்தின் மேல் சுட்டுவிரலை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு தீயணைப்புக் குடியிருப்புக்குப் போனாள். அவர்களுக்கு அங்கே வீடு கிடைக்காததால் வெளியே வாடகைக்கு இருந்தார்கள். பல மாதமாக அந்தப் பக்கம் வரவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள். நான்கு மாடிக் கட்டடம். பால்கனிக்குப் பால்கனி ஆரஞ்சுக் கயிறு. போர்வை, சீருடை, குழந்தைகளின் கால்சட்டை எல்லாம் அதில் ஆடிக்கொண்டிருந்தன. ஏதோ விழாவுக்குத் தோரணம் கட்டியது போல இருந்தது.

முதல் மாடியில் பூனைக்காரரின் வீடு. நிலையத்தின் மூத்த படகுக்காரர். ஒரு வெள்ளத்தில் கூரை மேலிருந்த பூனையை இறக்கப் போய் முகமெல்லாம் கீறலோடு வந்தவர். அவருடைய மனைவி தட்டில் பிஸ்கட்டும் தேநீருமாக வந்தாள். அக்கா என்று கூப்பிட்டால் போதும், மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் ரகம். பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

"ஏன் தங்கச்சி, சங்கு ஊதினா எங்காளு திரும்புவாரான்னா கேக்கறே?" அக்கா சிரித்த சிரிப்பில் தட்டு குலுங்கியது. "பூனைக்கே திரும்பல, மனுஷனுக்கா திரும்புவாரு?"

"என்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு," என்றாள் ஒருத்தி.

"என்கிட்டயுந்தான்."

"எல்லார்கிட்டயும் பண்ணியிருக்காங்க. சத்தியத்துலயும் ஒரே சீருடை." மீண்டும் சிரிப்பு.

"அக்கா, கயிறு..."

"துணி காயப்போடன்னு உன் வீட்டுக்காரரும் சொன்னாரா?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு காரணமாவது மாத்திச் சொல்லக் கூடாதா இவனுங்க. இன்னொண்ணு சொல்றேன் கேளு. சங்கு ஊதினதும் வாக்கி-டாக்கியை அணைச்சுடுவாங்க. பின்னாடி கேட்டா, மழைச் சத்தத்துல சங்கு கேக்கல, ரேடியோவுல தண்ணி போயிடுச்சும்பாங்க. உத்தரவு காதுல விழுந்தாத்தானே மீறினதாகும்? போன தடவை அப்படித்தான் தப்பிச்சாரு."

அவளுடைய கையில் தேநீர் ஆறியது. அணைத்துவிட்டால், எந்த வளைவு என்று சொல்லக்கூட வழியிருக்காது. திரும்பி வரச் சொல்லும் சங்குதான் அவர்களைச் செவிடாக்கப் போகிறது.

"இதை நான் ஆபீஸ்ல சொல்லணும் அக்கா."

சிரிப்பு நின்றது. அக்கா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பேர் போட்டுடாதே தங்கச்சி. உத்தரவை மீறுவான்னு தெரிஞ்சா படகுல ஏத்த மாட்டாங்க, வேலையைவிட்டே தூக்கிடுவாங்க. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு அவருக்கு. நாங்க சொன்னோம்னு சொல்லு. யாருன்னு சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

பூனைக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார். "என்ன, பெண்கள் மாநாடா? தீர்மானம் என்ன?"

"உங்களுக்கு இனிமே பிஸ்கட் கிடையாதுன்னு தீர்மானம்," என்றாள் அக்கா. அவர் அவளுடைய மகளின் காதருகே குனிந்து பூனை மாதிரி கத்தினார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

இயக்குநர் கெட்டவர் இல்லை. ஓட்டங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். சிவந்த முக்கோணங்களைப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீ சொல்றது ரெண்டு. முதல் எச்சரிக்கையிலேயே பள்ளத்தெருவைக் காலி பண்ணணும். அப்புறம் திரும்பச் சொல்ற சங்கு வேணாம், அதுக்குப் பதிலா இங்கிருந்து வழி சொல்லணும். சரியா?"

"ஆமா சார்."

"முதல் எச்சரிக்கை பாதி நேரம் பொய்யாப் போகும். ஒவ்வொரு தடவையும் மில்லையும் கடைத்தெருவையும் மூடணும். நகராட்சி சபையில என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க. எதை வச்சுப் பேசறது? எல்லாரும் கை தூக்கினதை நானே பார்த்திருக்கேன்."

"வீட்டுக்காரிங்க சொல்றாங்க சார். ஒருத்தர்கூடத் திரும்ப மாட்டாங்களாம்."

"எந்த வீட்டுக்காரி?"

"பேர் சொல்லக் கூடாதுன்னாங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பேர் இல்லாத பேச்சை வச்சு ஊரை மூடச் சொல்ல முடியுமா? ஒரே ஒரு ஆள் போதும் எனக்கு. இந்த ஆள் திரும்ப மாட்டான், இதோ அவன் சம்சாரமே சொல்றாங்கன்னு ஒண்ணு கொடு. நாளைக்கே சபைக்கு எடுத்துட்டுப் போறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாலாம் படகு உன் வீட்டுக்காரர்தானே? அவர் திரும்புவாரா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளையிலிருந்து அவன் படகில் இல்லை. உயிரோடு இருப்பான், எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து தபால் பிரித்துக்கொண்டு, மழை பெய்யும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல். அவனை அப்படி நினைத்துப் பார்த்தாள். ஜடை பின்னும் அந்த விரல்கள் தபால் பிரிப்பதை நினைத்துப் பார்த்தாள்.

"திரும்புவாரு சார்," என்றாள்.

வரிசையில் நின்று அவளும் கை தூக்கிவிட்டாள்.

இயக்குநர் ஒரு கணம் அவளையே பார்த்தார். "சரி, அடுத்த மாசக் கூட்டத்துல பொதுவா ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன்," என்றார்.

அடுத்த மாதம் வரை மழை காத்திருக்கவில்லை.

முதல் எச்சரிக்கை வந்தது. பொய்யாகப் போகலாம் என்று கடைத்தெரு திறந்தே இருந்தது. இரண்டாவது வந்தபோது பேருந்துகள் பள்ளத்தெருக்களுக்குப் போயின. பாதிப்பேரை ஏற்றிக்கொண்டு வந்தன. அடுத்த நடைக்குச் சாலை இல்லை.

அவள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். காலையில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டபோது பால்கனியைப் பார்த்திருந்தாள். கொக்கிகளில் கயிறு இல்லை. பள்ளிச் சட்டைகளை மடித்து நாற்காலியில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

சுவரில் பெரிய திரை. அதே தெருக்கள், அதே பாலம், அதே பச்சை முக்கோணங்கள். ஒவ்வொரு படகிலும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தியிருந்தது. திரைக்குக் கீழே ஆறு சின்ன விளக்குகள். படகின் ரேடியோ உயிரோடு இருக்கும்வரை அதனதன் விளக்கு எரியும். மதியமே ஆகவில்லை, வெளியே சாயங்காலம் போல இருட்டியிருந்தது.

"கோட்டைத் தொட்டுடுச்சு," என்றான் சோடாபுட்டி.

இயக்குநரின் கை சங்கின் பொத்தானுக்குப் போனது.

"ஊதாதீங்க சார்." அவள் எழுந்து நின்றாள். "ஊதினா ரேடியோவை அணைச்சுடுவாங்க. அப்புறம் நம்ம பேச்சே கேக்காது. மில் பக்க வளைவுன்னு சொல்லிடலாம் சார். அதை மட்டும் சொல்லிடலாம்."

"திட்டத்துல சங்கு இருக்கு."

"சார், தயவுசெஞ்சு..."

"நான் ஊதலைன்னா, அவங்களைச் சாகப் போன்னு நான் சொன்னதா ஆகும்மா!" அவருடைய குரல் உடைந்தது. "எல்லாரும் திரும்புவாங்கன்னுதானே இருக்கு? நீயும் அதைத்தானே சொன்னே?"

அவர் அழுத்தினார்.

சங்கின் ஓலம் கண்ணாடி ஜன்னல்களை அதிர வைத்தது. ரேடியோவில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "ஒண்ணாம் படகு, திரும்பறோம்." "ரெண்டு, திரும்பறோம்." பூனைக்காரரின் குரல் கரகரவென்று, "மூணு, வந்துட்டே இருக்கோம் சார்," என்றது. அதோடு விளக்குகள் அணையத் தொடங்கின. மூன்று அணைந்தது. ஒன்று அணைந்தது. ஐந்து, ஆறு, இரண்டு.

நாலாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாலாம் படகிலிருந்து மட்டும் 'திரும்பறோம்' என்று குரல் வந்திருக்கவில்லை. வெறும் மழைச் சத்தம்தான் வந்தது. ஆனால் அணைக்கவில்லை. இரண்டாவது முறை அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை போலும்.

அவள் மைக்கை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

"கேக்குதா?"

மழை.

"திரும்பி வாங்கன்னு சொல்லல. நடு வளைவு வேணாம். மில் பக்கம் போங்க. கயிறை மில் பக்கத் தூண்லயே கட்டுங்க. மத்தவங்களுக்கும் காட்டுங்க. கேக்குதா?"

பிறகு அவனுடைய குரல், மூச்சிரைக்க: "கயிறு எப்படித் தெரியும்?"

"நம்ம துணிதானே காஞ்சது அதுல. போங்க."

"சரிம்மா."

நாலாம் முக்கோணம் மில் பக்கம் திரும்பியது. அவனுக்குப் பின்னால் வந்த இரண்டும் தயங்கி, அவன் கையசைத்திருக்க வேண்டும், அவன் வழியே திரும்பின. ஒன்று ஆஸ்பத்திரிப் பக்கம் சுவரோரமாக நின்றுவிட்டது. ஒன்றாம் படகும் மூன்றாம் படகும் எப்போதும் போல முன்னால் இருந்தன. மூத்தவர்கள். அகலமான வளைவைத்தான் நம்புவார்கள்.

"மூணு," என்று அவள் அணைந்த விளக்கைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அண்ணே, மூணாம் படகு. அண்ணே, நடுவுல போகாதீங்க. மூணு."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டான். அதில்லாமல் அவனுக்கு எதுவும் தெரியாது. அதற்காகத்தான் கழற்றினான்.

இரண்டு முக்கோணங்களும் நடு வளைவுக்குள் போயின. அந்தத் திரையில் சிவப்பு ஆகும் ஏற்பாடு இல்லை. பச்சையாகவே, வேறு யாரோ ஓட்டுவது போல ஒரு சுழற்சி சுழன்று, ஆற்றோடு கீழே கீழே போய், திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்தன.

மில் பக்கம் போன மூன்றும் திரும்பின. ஏறி இறங்கி, மீண்டும் போய்த் திரும்பின. பள்ளத்தெருவிலிருந்து எத்தனையோ பேரை மாடியிலிருந்தும் மரத்திலிருந்தும் பிடுங்கி எடுத்து வந்தார்கள். மறுநாள் எல்லோரும் அந்த மூன்று படகைப் பற்றித்தான் பேசினார்கள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. அவள் மருந்து போட்டுக் கட்டினாள். அவனால் மகளுக்கு ஜடை போட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பின்னாடி இருந்தேன்," என்றான் ஒருமுறை. "கத்தினேன். பூனைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கல. நானும் சங்கு மாதிரி திரும்பி வரத்தான் சொல்றேன்னு நினைச்சிருப்பாரு."

அவள் அவனுடைய கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்ட சந்தோஷம் அந்த வீட்டில் எங்கும் இல்லை.

சில நாள் கழித்து அவள் குடியிருப்புக்குப் போனாள். மகளை அழைத்துப் போகவில்லை. பால்கனிகளில் கயிறு இல்லாததால் துணிகளைக் கம்பிகளின் மேல் போட்டிருந்தார்கள். முதல் மாடியில் துணியே இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம் விட்டாள். வந்தவர்கள் குடித்த தேநீர்க் கோப்பைகள் வரிசையாகக் கழுவாமல் கிடந்தன.

"உன் கம்ப்யூட்டர்ல இது வந்துச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"வந்துச்சு அக்கா."

"முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"ஆபீசர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஒரு பேர் வேணும்னாரு. ஒண்ணே ஒண்ணு. இருந்தா அடுத்த நாளே சபைக்கு எடுத்துட்டுப் போறேன்னாரு."

"நாங்க சொல்லாதேன்னோம்."

"ஆமா."

அக்கா திரும்பி முதல்முறையாக அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரர் பேரு?"

"கேட்டாரு. நானும் சொல்லல." அவள் கழுவாத கோப்பைகளைப் பார்த்தாள். "திரும்புவாருன்னு சொல்லிட்டேன். வேலை போயிடும்னு..."

அக்கா வெறும் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. கடையில் எதையோ வாங்க மறந்துவிட்டு வந்தவள் யோசிப்பது போல யோசித்தாள்.

"வேலைதானே போயிருக்கும்," என்றாள்.

கீழே யாரோ ஒரு குழந்தை பூனை மாதிரிக் கத்தியது. பூனைக்காரர் அந்தக் குடியிருப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் பழக்கியிருந்தார். ஒரு பெண் குரல் அதட்டி அதன் வாயை மூடியது.

அவள் எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினாள். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. தாழ்ந்த, தெளிவான குரல்.

"இப்போ போடு தங்கச்சி. என் பேரையும் போடு, அவர் பேரையும் போடு. நான் சபைக்கே வந்து சொல்றேன்."